பேச்சு போய், பாட்டு மிஞ்சியது

என் மனைவி ஒரு பெரிய தொழிற்சாலையின் டெலிபோன் போர்டில் வேலை பார்த்தாள். காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு வரை கன்னடம், இங்கிலீஷ், தமிழ், கொஞ்சம் உருது என்று நாலு பாஷையில் பேசிவிட்டு, லிங்கராஜபுரத்துக்குப் பஸ் பிடித்து வந்து, வீட்டிலும் விட்ட இடத்திலிருந்து பேசுவாள். நான் வயலின் வாசிக்கிறவன். கச்சேரிகளில் பக்கவாத்தியம், பரதநாட்டிய நிகழ்ச்சிகள், எப்போதாவது ஒரு ரெக்கார்டிங், ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தமிழ்ச் சபையில் ஆராதனை. அதிகம் பேச வராது எனக்கு. பால்காரரிலிருந்து என்னைக் கச்சேரிக்குக் கூப்பிடுகிறவர்கள் வரை எல்லோரிடமும் எனக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

எங்களுக்குள் நடந்த சண்டைகளில் பாதிக்கு மேல் பாட்டைப் பற்றியவை. எங்கள் சபையில் இரண்டு வகைப் பாட்டு உண்டு. ஒன்று கீர்த்தனை, நம் ஊர் ஆட்கள் ராகத்திலும் தாளத்திலும் எழுதியது. இன்னொன்று ஞானப்பாட்டு, கடல் தாண்டி வந்த மெட்டுக்குள் தமிழ்ச் சொற்களை அடைத்தது. அடைத்தது என்று நான்தான் சொல்வேன். குறில் வரவேண்டிய இடத்தில் அந்த மெட்டு நீண்டுவிடும். ‘தயை’ என்ற சொல்லை இழுத்து ‘தாயை’ என்று ஆக்கிவிடும். கடவுளிடம் இரக்கம் கேட்கப் போனவன் அம்மாவைக் கேட்டுவிட்டு வருகிறான் என்று கேலி செய்வேன்.

“அம்மாவக் கேட்டா மட்டும் குடுக்க மாட்டாராக்கும்?” என்பாள். “நீங்க வயலின் வாசிங்க. அவருக்கு இலக்கணத்த நான் சொல்லிக்கிறேன்.”

அவள் கொயரில் ஆல்டோ பாடினாள். பெண்களில் கீழ்க்குரல். மெட்டை மற்றவர்கள் பாட, அதற்கு அடியில் இன்னொரு வரியாகப் போகும் குரல் அது. வீட்டில் கீரை ஆயும்போதும் அந்தக் கீழ்வரியைத்தான் பாடுவாள். மேலே மெட்டு இல்லாமல் அதை மட்டும் கேட்டால் பாட்டு என்றே தோன்றாது. ஒரே சுருதியில் யாரோ முணுமுணுத்துக்கொண்டு நடப்பதுபோல் இருக்கும். நான் அடுத்த அறையில் கமாசிலோ ஆனந்தபைரவியிலோ ஒரு கீர்த்தனைக்கு மெட்டுப் போட்டுக்கொண்டிருப்பேன். கதவைச் சாத்துவேன். அவள் குரலைக் கொஞ்சம் உயர்த்துவாள்.

அப்படி முப்பது கீர்த்தனைகளுக்குமேல் செய்திருப்பேன். நாலைந்தைச் சபையில் பாடினார்கள். தமிழில் ஒரு வாக்கியம் இயல்பாக எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்த்து, அந்த ஏற்ற இறக்கத்திலிருந்தே ராகத்தை எடுக்க வேண்டும் என்பது என் நம்பிக்கை. அப்படிச் செய்தால் ஜெபமும் பாட்டும் ஒன்றாகிவிடும் என்று நினைத்தேன். சங்கீதமும் விசுவாசமும் எனக்குத் தனித்தனியாக இருந்ததில்லை. ஒன்றில் தப்பு வந்தால் இன்னொன்றிலும் தப்பு வந்ததாகவே மனசு அடித்துக்கொள்ளும்.

தொண்ணூற்றேழில் ஒரு திங்கட்கிழமை காலை அவள் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. நாற்பத்தாறு வயது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இரண்டு நாள் கழித்து, பேச்சு வருமா என்று கேட்டேன். டாக்டர் என் கையிலிருந்த வயலின் பெட்டியைப் பார்த்தார். ஒரு நிகழ்ச்சியிலிருந்து நேராக அங்கே போயிருந்தேன். “பார்க்கலாம் சார்” என்றார்.

மூன்று வாரம் சத்தமே இல்லை. வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு ஒரு நாள் மதியம் எங்கள் மகள் தண்ணீர் டம்ளரை உதட்டருகே கொண்டுபோனபோது அவள் தெளிவாகச் சொன்னாள்:

“ஒந்து நிமிஷ.”

ஒரு நிமிஷம். கன்னடத்தில். போர்டில் உட்கார்ந்து, லைன் கேட்டு வருகிறவர்களிடம் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லியிருப்பாள். மகள் டம்ளரை வைத்துவிட்டுத் துள்ளினாள். “அம்மா பேசிட்டாங்கப்பா!” நானும் ஓடிவந்தேன். “என்னம்மா வேணும், சொல்லு” என்றேன்.

“ஒந்து நிமிஷ.”

“தண்ணி வேணுமா?”

“ஒந்து நிமிஷ.”

அதன் பிறகு அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். பசிக்கும் அது, வலிக்கும் அது. மகள் காலேஜுக்குக் கிளம்பும்போது கையாட்டிக்கொண்டு சொல்வதும் அது. தான் சொல்ல நினைத்தது அதுவல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. சொன்னவுடன் இடது கையால் நெற்றியில் அடித்துக்கொள்வாள். திரும்ப வாயைத் திறப்பாள். திரும்ப அதே சொல். நாங்கள் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. நாலு பாஷை பேசிய வாயில், பிறந்த வீட்டுப் பாஷை ஒரு சொல்கூட மிஞ்சவில்லை.

ஐந்தாவது மாதம் சபையிலிருந்து பெண்கள் ஐக்கியத்தார் ஜெபிக்க வந்தார்கள். எட்டுப் பேர். எங்கள் சின்னக் கூடத்தில் நெருக்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்து, மாலை ஆராதனையில் பாடும் ஒரு பழைய ஞானப்பாட்டைத் தொடங்கினார்கள். நான் சமையலறையில் காப்பி கலந்துகொண்டிருந்தேன். அவர்கள் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் கேட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆல்டோ. சொல் சொல்லாக, பிசகில்லாமல், நாலு சரணமும். வந்தவர்களில் ஒருத்தி அழுதுகொண்டே, “பாவம், சுருதி சேரல, ஆனா வார்த்தை வருது பாருங்க” என்றாள். சுருதி சேர்ந்துதான் இருந்தது. அவள் தன் வரியைப் பாடினாள். அது அந்த வீட்டில் என் ஒருவனுக்குத்தான் தெரிந்தது.

பாட்டு முடிந்தது. நான் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். “பேசு” என்றேன். “என் பேரச் சொல்லு.”

அவள் சிரித்தாள். வாயைத் திறந்தாள். “ஒந்து நிமிஷ” என்றாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரத்தில் இரண்டு நாள் ஒரு இளம்பெண் வந்துகொண்டிருந்தாள். கன்னடக்காரப் பெண், எங்களோடு தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாள். பாடுவது மூளையில் வேறு இடத்தில் இருக்கும், சில பேருக்கு அது தப்பித்துக்கொள்ளும் என்று அவள் விளக்கினாள். “மெட்டப் புடிச்சிக்கிட்டே வார்த்தைய வெளிய கொண்டுவரப் பார்க்கலாம் சார். சின்னச் சின்ன வாக்கியம். நீங்க மியூசிக் ஆளு. நீங்களே பண்ணிக் குடுங்களேன்.”

அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இதற்காகத்தான் கடவுள் இத்தனை வருஷம் எனக்கு இந்த வித்தையைக் கொடுத்து வைத்திருந்தார் என்று நினைத்தேன். அதை ஜெபத்திலும் சொன்னேன். இரண்டு நாள் ஒரு வேலைக்கும் போகாமல் உட்கார்ந்து எட்டு வாக்கியங்களுக்கு மெட்டுப் போட்டேன். ‘தண்ணி வேணும்’ மோகனத்தில். ‘வலிக்குது’ முகாரியில். ‘பசிக்குது’, ‘போதும்’, ‘இங்க வாங்க’. ஒவ்வொன்றையும் அவள் நல்லாயிருந்தபோது எப்படிச் சொல்வாளோ அதே ஏற்ற இறக்கத்தில் வைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை.

மூன்று மாதம் பாடினேன். காலையும் மாலையும் அவள் இடது கையைப் பிடித்துத் தட்டிக்கொண்டே பாடினேன். அவள் என் உதட்டைப் பார்ப்பாள். நான் பாடும்போது கூடவே முனகுவாள். நான் நிறுத்தினால் நின்றுவிடும். ஒன்றுகூட ஒட்டவில்லை.

பயிற்சிக்காரப் பெண் ஒரு நாள் கூச்சத்தோடு சொன்னாள். “சார், தப்பா நெனச்சுக்காதீங்க. ரொம்ப சங்கீதம் ஆயிடுச்சு. இவ்ளோ வளைவு வேணாம். எரடு ஸ்வர சாக்கு.”

இரண்டு ஸ்வரம் போதும். சரி என்று கமகத்தை எல்லாம் எடுத்தேன். ராகத்தையே எடுத்தேன். வீட்டு மணி அடிப்பதுபோல் மேலே ஒன்று, கீழே ஒன்று. அதுவும் வரவில்லை. புதிது எதுவுமே அவளுக்குள் போகவில்லை. முன்பே போயிருந்தது மட்டும் இருந்தது.

கடைசியில், நான் இருபது வருஷம் கேலி செய்ததையே செய்தேன். அவளுக்குத் தெரிந்த அந்த ஞானப்பாட்டின் ஆல்டோ வரியை எடுத்து, அதற்குள் ‘தண்ணி வேணும்’ என்பதை அடைத்தேன். சொல் எங்கே உடைந்தாலும் பரவாயில்லை என்று அடைத்தேன். அவள் கண் விரிந்தது. “தண்ணி” என்று பாடினாள். நான் டம்ளரை எடுத்தேன். அடுத்த சொல்லுக்கு வாய் போனபோது அந்த இடத்தில் பாட்டின் பழைய சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு மெட்டு அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. தாகத்தில் ஆரம்பித்தவள் துதியில் போய் முடிந்தாள். நாலாவது சரணம் வரைக்கும் நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த வருஷம் மழை நின்ற சமயம். மல்லேஸ்வரத்தில் ஒரு நாட்டியப் பள்ளியில் ஒத்திகை. மகள் காலேஜில். மனைவியைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மாள் பதினொரு மணிக்குக் கிளம்பிவிட்டாள். நான் பன்னிரண்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். வந்து சேர ஒன்றரை ஆகிவிட்டது. மாடிப்படி ஏறும்போதே பாட்டு கேட்டது. சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டுப் பெண் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“அக்கா இன்னிக்கி குஷியா இருக்காங்க போல. ரொம்ப நேரமா பாடிக்கினே இருக்காங்க.”

கதவைத் திறந்தேன். கூடத்தில் இல்லை. குளியலறை வாசலில், பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே, வலது பக்கமாக விழுந்து கிடந்தாள். சேலை நனைந்திருந்தது. நெற்றி புடைத்திருந்தது. கண்ணில் நீர் வழிய, கழுத்து நரம்பு தெறிக்க, கர்த்தருடைய நன்மைகளை நினைத்து நன்றி சொல்லும் இரண்டாவது சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்த பிறகும் அந்த வரியை முடித்துவிட்டுத்தான் நின்றாள்.

கீழ் வீட்டுப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். இரண்டு பேருமாகத் தூக்கினோம். “ஐயோ, எனக்கு என்னா தெரியும். பிரேயர்னு நெனச்சேன் சார். பிரேயர்னுதான் நெனச்சேன்” என்று அவள் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பாட்டில் சந்தோஷம் இருக்கிறதா, கூக்குரல் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்வதுதான் என் தொழில் என்று நினைத்திருந்தேன். படியேறும்போது நானும், அவள் நல்லாயிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஜெபம் செய்ய முடியவில்லை. வார்த்தை வரும். வருகிற ஒவ்வொரு வார்த்தையிலும் சந்தேகம் வரும். இத்தனை வருஷம் சபையில் நாங்கள் எல்லோரும் நின்று பாடிய பாட்டுகளில் எத்தனை பேர் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார்களோ. அதைக் கேட்கிறவருக்காவது வித்தியாசம் தெரியுமா? தெரியும் என்று நம்புவதுதான் விசுவாசம் என்றால், அந்த நம்பிக்கை என்னிடம் சில நாள் இருந்தது, சில நாள் இல்லை.

அவள் விழுந்து கிடந்து பாடியது போதகருக்குத் தெரியாது. அவர் நல்ல மனிதர்; ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்தவர். அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்னால் வீட்டுக்கு வந்தார். “பிரதர், சிஸ்டர் அன்னிக்கு வந்து ஒரே ஒரு பாட்டு பாடணும். பேச்சு போச்சு, துதி போகல. இதவிடப் பெரிய சாட்சி சபைக்கு என்ன வேணும்?”

“அவளைக் கேளுங்க ஐயா” என்றேன்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். “பாடுறீங்களாம்மா?”

“ஒந்து நிமிஷ” என்றாள் அவள், தலையை ஆட்டிக்கொண்டு. அந்த ஆட்டலைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. பேச வேண்டிய இடத்தில் எனக்காகப் பேசுகிறவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

பண்டிகையன்று சபைக் கோயில் நிறைந்திருந்தது. பூசணியும் வாழைத்தாரும் கரும்பும் பீடத்தின் முன்னால் குவிந்திருந்தன. மகள் அவளுக்கு இளநீலப் பட்டுச்சேலை கட்டிவிட்டிருந்தாள். சக்கர நாற்காலியில் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். மகள் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்று வயலினில் மேல்மெட்டை வாசித்தேன், அவளுடைய ஆல்டோ தனியாகத் தெரியக் கூடாது என்று. முதல் சரணத்திலேயே ஆட்கள் அழ ஆரம்பித்தார்கள். நாலு சரணம் முடிந்தது. நான் வில்லை எடுத்தேன்.

அவள் திரும்ப முதல் சரணத்தைத் தொடங்கினாள்.

சபை ஆமென் என்றது, அல்லேலூயா என்றது. நானும் சேர்ந்து வாசித்தேன். திரும்பவும் முடிந்தது. திரும்பவும் தொடங்கினாள். மூன்றாவது முறை அவள் என்னைப் பார்த்தாள். கண் மிரண்டிருந்தது. இடது கை நாற்காலியின் பிடியை இறுக்கியிருந்தது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அவளால் நிறுத்த முடியவில்லை என்று எனக்குப் பட்டது. முடிவு வருவதுபோல் வாசித்துப் பார்த்தேன். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். பாட்டின் முடிவில் வரும் ஆமெனை வாசித்துப் பார்த்தேன். எதற்கும் அவள் நிற்கவில்லை. பின்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது. போதகர் கைகளை உயர்த்தியபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

நான் வயலினைக் கரும்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குனிந்து, என் உள்ளங்கையால் அவள் வாயை மூடினேன்.

கைக்குள் இரண்டு சொல் சூடாக ஓடியது. பிறகு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. முடியவில்லையா, மாட்டேன் என்று இருந்தாளா, தெரியாது. பெண்கள் வந்து பாடினால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அந்த ஞானப்பாட்டை வயலினில் வாசித்தால் கண்ணை மூடிக்கொள்வாள். “மன்னிச்சிடு” என்று பல தடவை சொன்னேன். “ஒந்து நிமிஷ” என்பாள். சில சமயம் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். சில சமயம் தட்டிவிடுவாள்.

அந்த ஒரே சொல்லையாவது கேட்கப் பழகலாம் என்று பார்த்தேன். காது எனக்கு உண்டு. ‘ஒந்து’ எந்த ஸ்வரத்தில் ஆரம்பிக்கிறது, ‘நிமிஷ’ எங்கே இறங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதினேன். பசி என்றால் இப்படி, வலி என்றால் இப்படி. இரண்டு பக்கம் நிரம்பியது. மூன்றாம் நாள், பசி என்று எழுதியிருந்த அதே ஏற்றத்தில் சொன்னாள், சோறு கொண்டுபோனேன், தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருக்கிறாள். அதைக் கண்டுபிடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. நோட்டை மூடி அலமாரியில் வைத்தேன்.

இன்னும் நாலு வருஷம் இருந்தாள். நான் வேலைகளுக்குப் போனேன், வாசித்தேன். மேடையில் யாராவது நல்ல கல்பனாஸ்வரம் போட்டால் விரல் தானாகப் பதில் சொன்னது. கீர்த்தனை மட்டும் ஒன்றும் வரவில்லை. ஒரு வரி தோன்றும். இது எனக்கு ஏறுகிற இறங்குகிற விதம், கேட்கிறவனுக்கு என்னவாகக் கேட்குமோ என்று நின்றுவிடும். இரண்டாயிரத்து ஒன்றில், ஒரு மதிய நேரத்தில், மகள் அவளுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தபோது இரண்டாவது முறை ரத்தம் உறைந்தது. இந்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள். கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டு யாரும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை.

மகளுக்குக் கல்யாணமான பிறகு ஒரு முறை வீட்டுக்கு வந்தபோது, நாங்கள் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவள் திடீரென்று கேட்டாள்.

“அப்பா, அன்னிக்கி கோயில்ல ஏன் அம்மா வாய மூடினீங்க?”

“நிறுத்த முடியாம தவிச்சாம்மா. பயந்து போயிருந்தா. கண்ணப் பார்த்தேனே.”

அவள் டம்ளரைக் கையில் சுழற்றினாள். “நான் நேர் எதிர்லதான் உக்காந்திருந்தேன். எனக்கு அப்படித் தெரியலப்பா. எத்தனையோ நாள் கழிச்சு எல்லாரும் அவங்க சொல்றதக் கேட்டாங்க. வுட மனசு வரல அவங்களுக்கு. சந்தோஷமா இருந்தாங்கன்னுதான் நான் நெனச்சேன்.”

“இத ஏன் அப்பவே சொல்லல?”

“சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு.”

என் மனைவியின் கண்ணை நினைவுபடுத்திப் பார்த்தேன். மிரட்சி என்று அன்று எனக்குத் தோன்றியது. இப்போது நினைத்தால் இரண்டுமே பொருந்துகிறது. மகள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு நான் கீழே இறங்கினேன்.